மாசடைந்த ஆற்றுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

இரண்டு ஆறுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் பிஓடி லிட்டருக்கு 40 மில்லிகிராம், மற்றதில் 200. முதலாவது கழிவு கலந்து கெட்டுப்போன ஆறு. இரண்டாவதை ஆறு என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். கழிவுநீர்க் குழாயிலிருந்து நேராகப் பிடித்துச் சோதித்தாலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான் வரும். ஆனால் உலகில் மிக அதிகமாகப் பயன்பட்டுவரும் நீர்த் தரக் குறியீடு ஒன்றின் அட்டவணைப்படி, பிஓடிக்கான மதிப்பெண் இரண்டுக்கும் ஒன்றே: நூற்றுக்கு 2. பிஓடி 30-ஐத் தாண்டிவிட்டால் எவ்வளவாக இருந்தாலும் 2 என்று அந்த அட்டவணை முடித்துக்கொள்கிறது.

பிஓடி என்பது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. தண்ணீரில் இருக்கும் அழுகும் பொருளைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண். எண் ஏற ஏற, மீனுக்கு மிஞ்சும் ஆக்சிஜன் குறையும். சரி, 200 பிஓடி இருந்த ஆற்றின் கரையில் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, கழிவுக் குழாய்களைத் திருப்பிவிட்டு, பல வருட உழைப்பில் அதை 50-க்குக் கொண்டுவந்தார்கள் என்று வைப்போம். மாசில் முக்கால் பங்கு போய்விட்டது. மதிப்பெண்? அதே 2. அங்கே பாடுபட்டவர்களுக்கு அந்த எண் என்ன சொல்லும்? செய்தது வீண் என்றுதானே சொல்லும்?

சுத்தமான ஆறு அழுக்காவதைக் கண்டுபிடிக்கச் செய்த அளவுகோல் வேறு. அழுக்கான ஆறு தேறுகிறதா என்று பார்க்கும் அளவுகோல் வேறு. முதலாவதை எடுத்து இரண்டாவது வேலைக்கு அப்படியே பயன்படுத்துவதுதான் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு என்பது என் எண்ணம்.

குறியீட்டின் வரலாறு நீண்டதல்ல. 1965-இல் ஆர். கே. ஹார்ட்டன் என்ற அமெரிக்கர், பல சோதனை முடிவுகளை ஒரே எண்ணாகச் சுருக்கும் முறையை முன்வைத்தார். 1970-இல் அங்குள்ள தேசியச் சுகாதார அறக்கட்டளையின் துணையோடு பிரவுன் குழுவினர் அதை விரிவாக்கினார்கள். 142 நிபுணர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, 35 அளவீடுகள் கொண்ட பட்டியலிலிருந்து 9-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். கரைந்த ஆக்சிஜன், மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா (மலம் கலந்திருப்பதன் அடையாளம்), பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), பிஓடி, நைட்ரேட், பாஸ்பேட், வெப்பநிலை மாற்றம், கலங்கல், மொத்தத் திடப்பொருள் ஆகியவை அந்த ஒன்பது. நான் மேலே சொன்ன அட்டவணை இந்தக் குறியீட்டினுடையதுதான்.

இதற்குப் பின் வந்த பெரும்பாலான குறியீடுகளும் அதே நான்கு படிகளில்தான் ஏறுகின்றன. எதை அளப்பது என்று முடிவு செய்வது, அளந்ததை 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாக மாற்றுவது, எதற்கு எவ்வளவு எடை, அதாவது முக்கியத்துவம், என்று வைப்பது, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பது. கேட்க எளிதாக இருக்கும். மாசடைந்த ஆற்றில் ஒவ்வொரு படியிலும் கால் வழுக்கும்.

எதை அளப்பது?

முதலில் பிஓடியையே பார்ப்போம். தண்ணீரைக் குப்பியில் அடைத்து 20 டிகிரி செல்சியஸில் ஐந்து நாள் இருட்டில் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் செலவாகியிருக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. வேலையைச் செய்பவை குப்பிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள். குரோமியம், செம்பு போன்ற உலோகங்கள் கலந்த ஆலைக் கழிவு அதிகமாக இருந்தால் அந்த நுண்ணுயிர்கள் முடங்கிவிடும், அல்லது செத்துவிடும். ஆக்சிஜன் செலவாகாது. முடிவு குறைவான பிஓடி, உயர்ந்த மதிப்பெண். ஆற்றில் விஷம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடுகிறது!

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. சிஓடி என்னும் வேதி ஆக்சிஜன் தேவையையும் கூடவே அளக்க வேண்டும். அது டைகுரோமேட் போன்ற வேதிப்பொருளை வைத்துச் செய்யும் சோதனை, நுண்ணுயிரை நம்பி இல்லை. வீட்டுக் கழிவுநீரில் சிஓடி பொதுவாகப் பிஓடியைப் போல இரண்டு மடங்கு அளவில் இருக்கும். அது பத்து மடங்காகிவிட்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்: அழுகாத வேதிப்பொருள் நிறைய இருக்கலாம், அல்லது நுண்ணுயிர்கள் வேலை செய்யவில்லை. ஆலைக் கழிவு சேரும் ஆற்றுக்கான குறியீட்டில் பிஓடியை மட்டும் வைத்துவிட்டுச் சிஓடியை விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் குறியீடு இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. அதில் ஆறே அளவீடுகள்: கரைந்த ஆக்சிஜன், பிஓடி, சிஓடி, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பிஎச்.

கரைந்த ஆக்சிஜனிலும் ஏமாற்று இருக்கிறது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், சூடான நீரில் குறைவாகக் கரையும். 0 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் வரை பிடித்துக்கொள்ளும், 30 டிகிரியில் 7.6 அளவுதான். ஆகவே 6 மில்லிகிராம் என்பது ஒரு குளிர்நாட்டு ஆற்றில் மூச்சுத்திணறலின் அறிகுறியாக இருக்கலாம், வெப்பநாட்டு ஆற்றில் நல்ல நிலை. இதனால்தான் பல குறியீடுகள் மில்லிகிராமை விட்டுவிட்டு, அந்த வெப்பநிலையில் கரையக்கூடியதில் எத்தனை சதவீதம் கரைந்திருக்கிறது என்று கணக்கிடுகின்றன.

அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்த ஆற்றில் பாசி மண்டிக் கிடக்கும். வெயில் அடிக்கும்போது பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டுவதால் பிற்பகலில் அளவு 100 சதவீதத்தையும் தாண்டும். இரவில் அதே பாசி மூச்சுவிடுவதற்கு ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியும் முன் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். மீன்கள் சாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மாதிரி எடுப்பவர் காலை பதினொரு மணிக்கு வந்து குப்பியை நிரப்பிக்கொண்டு போனால், ஆறு நலமாக இருப்பதாகவே பதிவாகும். 100 சதவீதத்துக்கு மேல் போனால் மதிப்பெண் குறைய வேண்டும் என்று 1970-இன் குறியீடே வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது போதாது. விடியற்காலை அளவும் வேண்டும், அல்லது நாள் முழுக்கப் பதிவு செய்யும் கருவி வேண்டும்.

அம்மோனியாவைத் தனியாக ஓர் எண்ணாகப் பார்ப்பதும் சரிப்படாது. மீனைக் கொல்வது முக்கியமாக மின்னேற்றம் இல்லாத அம்மோனியா. மொத்த அம்மோனியாவில் அதன் பங்கு 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் 1 சதவீதத்துக்கும் கீழே, பிஎச் 8 என்றால் 5 சதவீதம் போல, பிஎச் 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மொத்த அம்மோனியா அப்படியே இருக்க, பாசியால் பிஎச் ஏறினாலே விஷம் பல மடங்காகிவிடுகிறது. அளவீடுகளைத் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டும்போது இந்த உறவு காணாமல் போகிறது. அதனால் மொத்த அம்மோனியாவை விட, கணக்கிட்டுப் பெற்ற இந்த விஷப் பங்கையே குறியீட்டில் வைக்கலாம்.

அளவை மதிப்பெண்ணாக்குவது

தொடக்கத்தில் சொன்ன 30-ஆம் எல்லை இங்கேதான் வருகிறது. அந்த அட்டவணையில் பிஓடி மட்டும் அப்படி இல்லை. மலக் கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 1,00,000-ஐத் தாண்டினால் 2, கலங்கல் 100 அலகைத் தாண்டினால் 5, மொத்தத் திடப்பொருள் 500 மில்லிகிராமைத் தாண்டினால் 20. எல்லாமே ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் ஆற்றை மனத்தில் வைத்துப் போட்ட எல்லைகள். சாயக் கழிவு கலந்த ஆற்றில் திடப்பொருள் பல ஆயிரத்தைத் தொடும். அங்கே 510-க்கும் 5,000-க்கும் ஒரே மதிப்பெண் கொடுக்கும் அளவுகோலால் என்ன பயன்?

இதற்கு மாற்றாக மடக்கை அளவுகோலைச் சொல்வேன். பிஓடி 3-க்கு 100 மதிப்பெண், 300-க்கு 0 என்று வைத்துக்கொள்வோம். இடையில் பிஓடி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 15 மதிப்பெண் குறையட்டும். அப்போது 200-க்கு 9, 100-க்கு 24, 50-க்கு 39 என்று வரும். பாதியாகக் குறைத்தால் எப்போதும் அதே 15 மதிப்பெண் ஏறும், 200-இலிருந்து தொடங்கினாலும் சரி, 12-இலிருந்து தொடங்கினாலும் சரி. சுத்திகரிப்பு வேலையும் இப்படித்தான் நடக்கிறது: ஒவ்வொரு கட்டத்திலும் வருவதில் ஒரு பங்கு கழிகிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த 39-ஐப் பார்த்து யாரும் ஆறு நன்றாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 39 வாங்கிய ஆற்றில் குளிக்க முடியாது. மதிப்பெண் முன்னேற்றத்தைக் காட்டட்டும், ஆனால் எதற்குப் பயன்படும் என்ற தீர்ப்பை அதோடு குழப்பக் கூடாது. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரை அதன் பயனை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. குளிப்பதற்கான வகுப்பில் பிஓடி 3-க்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் கீழே இறங்கக் கூடாது. பாசனத்துக்கான வகுப்பில் பிஓடி பேச்சே இல்லை. பிஎச்சும் உப்பும் சோடியமும் போரானும்தான் அங்கே கணக்கு. பயிருக்கு எது கெடுதல், மனிதனுக்கு எது கெடுதல் என்பது வேறு வேறு. ‘நல்லது’, ‘மோசம்’ என்று பொதுவாக ஒரு சொல்லை ஒட்டிவிட்டுப் போவதை விட, யாருக்கு, எதற்கு என்று சொல்வது நேர்மையான வழி.

எடை

1970-இன் குறியீட்டில் கரைந்த ஆக்சிஜனுக்கு 0.17, மலக் கோலிஃபார்முக்கு 0.16, மொத்தத் திடப்பொருளுக்கு 0.07 என்று எடைகள் உண்டு. நிபுணர்களின் கருத்துகளிலிருந்து வந்தவை. ‘இது வெறும் அபிப்பிராயம்தானே, தரவே தன் எடையைச் சொல்லட்டும்’ என்று சொல்லி, இப்போது பலர் என்ட்ரோபி முறைக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வுக்கும் போகிறார்கள். அறிவியல்பூர்வமாகத் தெரியும். ஆனால் இந்த முறைகள் ஓர் அளவீடு எவ்வளவு கெடுதல் செய்கிறது என்று பார்ப்பதில்லை. இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் அது எவ்வளவு மாறுகிறது என்றே பார்க்கின்றன. ஆற்றின் பத்து இடங்களிலும் பன்னிரண்டு மாதமும் கோலிஃபார்ம் ஒரே மாதிரி பயங்கரமாக இருந்தால், அதில் மாறுதலே இல்லை. ஆகவே என்ட்ரோபி முறை அதற்குக் கிட்டத்தட்ட பூஜ்ய எடை கொடுத்துவிடும். நிரந்தரமாக நோய் பரப்பும் ஆற்றில் நோய்க்கிருமிக்கு இடமில்லாத குறியீடு! மாசடைந்த ஆற்றுக்கு இந்த முறைகளை மட்டும் நம்பி எடை போடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒன்றாகச் சேர்ப்பது

மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசிப் படியில் மொத்தத்தையும் கெடுத்துவிட முடியும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒன்பது அளவீடுகளில் எட்டுக்கு 80 மதிப்பெண். கரைந்த ஆக்சிஜனுக்கு மட்டும் 5. ஆழமான நீர்த்தேக்கத்தின் அடிமட்டத்திலிருந்து திறந்துவிடும் நீரில் இப்படி ஒரு நிலை வரலாம். அந்த நீரில் மீன் பிழைக்காது.

எடை போட்டுக் கூட்டும் சாதாரணச் சராசரியில் விடை 67. அந்தக் குறியீட்டின் பட்டியலில் 51 முதல் 70 வரை ‘நடுத்தரம்’. மீன் இல்லாத ஆறு நடுத்தரம் என்று பெயர் வாங்கிவிட்டது. கூட்டுவதற்குப் பதில் மதிப்பெண்களைப் பெருக்கி எடுக்கும் பெருக்கல் சராசரியில் அது 50-க்கு இறங்கி ‘மோசம்’ ஆகிறது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் எடை எதுவும் இல்லாமல், ஒவ்வொரு மதிப்பெண்ணின் வர்க்கத்தையும் தலைகீழாக்கிச் சராசரி எடுத்து மீண்டும் திருப்புகிறது. நம்முடைய ஒன்பது எண்களை அந்த வழியில் போட்டால் விடை 15. எல்லாவற்றிலும் குறைந்ததை மட்டும் எடுத்தால் 5.

ஒரே தண்ணீர், ஒரே சோதனை. 67, 50, 15, 5. வித்தியாசம் முழுவதும் கடைசிக் கணக்கில் இருக்கிறது. நல்ல மதிப்பெண்களின் பின்னால் ஒரு கெட்ட மதிப்பெண் ஒளிந்துகொள்வதை இந்தத் துறையில் ‘மறைப்பு’ என்ற பொருளில் கிரகணத்தோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். பொருத்தமான பெயர்.

அப்படியென்றால் குறைந்ததையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் கொண்டுவந்த நீர்ச் சட்டகம் அந்த வழியில்தான் போகிறது. அதன்படி, மிக மோசமான கூறு எந்த வகுப்போ, அதுவே ஆற்றின் வகுப்பு. எச்சரிக்கைக்கு இதைவிடக் கறாரான விதி இல்லை. ஆனால் ஐந்து கூறுகளில் நான்கு நன்றாகத் தேறியும் ஒன்று தேறவில்லை என்றால் வகுப்பு அசையாது. உழைப்பு கண்ணில் படாது என்ற பழைய குறை வேறு வாசல் வழியாக வந்துவிடுகிறது. ஐரோப்பாவிலேயே இதைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

என் முடிவு இது: இரண்டு எண்களை அருகருகே வெளியிட வேண்டும். ஒரேகான் பாணியில், கெட்ட மதிப்பெண் இருந்தால் கூடுதலாக இறங்கும் சராசரி ஒன்று. அதன் பக்கத்தில் மிகக் குறைந்த மதிப்பெண்ணும் அது எந்த அளவீட்டால் வந்தது என்பதும். ‘15, கரைந்த ஆக்சிஜன் 5’ என்று எழுத ஒரு வரி போதும். எங்கே கைவைக்க வேண்டும் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

நச்சுப் பொருள்கள் கதை தனி. ஹார்ட்டன் தன் குறியீட்டில் அவற்றைச் சேர்க்கவே இல்லை. உயிருக்குக் கேடான பொருள் ஆற்றில் இருக்கவே கூடாது, அதற்கு மதிப்பெண் எதற்கு என்பது அவர் நிலைப்பாடு. கொள்கையாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் அதே 1965-இல்தான் ஜப்பானின் நீகாத்தாவில், அகானோ ஆற்று மீனைத் தின்றவர்களுக்குப் பாதரச நஞ்சு நோய் வந்திருப்பது வெளியே வந்தது. ஆற்றின் மேற்பகுதியில் இருந்த ஆலையிலிருந்து வந்த மெத்தில் பாதரசம் மீனில் சேர்ந்து, மீனிலிருந்து மனிதருக்குப் போனது. பாதரசத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.006 மில்லிகிராம், காரீயத்துக்கு 0.01. இவ்வளவு சிறிய எண்ணைக் கலங்கலோடும் பிஎச்சோடும் சேர்த்துச் சராசரி எடுப்பதில் பொருளே இல்லை. அவற்றை வாசற்கதவு மாதிரி வைக்க வேண்டும். பாதரசம், காரீயம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக், பூச்சிக்கொல்லி என்று ஏதாவது ஒன்று வரம்பைத் தாண்டினால், மற்ற மதிப்பெண் என்னவாக இருந்தாலும் ஆறு ‘பயன்படுத்தத் தகாதது’ என்று அறிவிக்கப்பட வேண்டும். உலோகங்கள் பெரும்பாலும் நீரில் நிற்காமல் அடிவண்டலில் போய் உட்காரும் என்பதால், வண்டலையும் மீனையும் சோதிக்காத கதவு பாதிக் கதவுதான்.

கனடா 2001-இல் வேறொரு பாதை போட்டது. அளவை மதிப்பெண்ணாக மாற்றும் வளைவும் எடையும் அதில் கிடையாது. எத்தனை அளவீடுகள் வரம்பு மீறின, எத்தனை முறை மீறின, எவ்வளவு தூரம் மீறின என்ற மூன்றையும் சேர்த்து 100-இலிருந்து கழிக்கிறார்கள். ஊருக்கு ஊர் வரம்பை மாற்றிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஆனால் எதை அளப்பது என்ற தேர்விலேயே விடை தங்கிவிடுகிறது. ஒருபோதும் வரம்பு மீறாத ஐந்து அளவீடுகளைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் குறியீடு தானாக உயரும். பட்டியலை முதலிலேயே பூட்டி வைக்காவிட்டால் இந்தக் குறியீட்டை வளைப்பது எளிது.

எந்தக் குறியீடானாலும் பக்கத்தில் நீரோட்டத்தின் அளவு இருக்க வேண்டும். பிஓடி 10, ஓட்டம் விநாடிக்கு 5 கன மீட்டர் என்றால் அந்த இடத்தை ஒரு நாளில் கடந்துபோகும் சுமை 4.32 டன். மழை பெய்து ஓட்டம் 10 கன மீட்டரானால், வேறெதுவும் மாறாமலே பிஓடி 5 ஆகிவிடும். மதிப்பெண் ஏறும். ஆற்றில் கொட்டப்படுவதோ அதே 4.32 டன். மழை வருடத்தையும் வறண்ட வருடத்தையும் ஒப்பிட்டு, ஆறு தேறிவிட்டது என்றோ கெட்டுவிட்டது என்றோ சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டுப் பெற வேண்டும்.

செய்த குறியீடு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆற்றிலேயே வாழும் உயிர்களிடம்தான் கேட்க வேண்டும். அடியில் வாழும் சிறு பூச்சிகளையும் புழுக்களையும் வைத்து ஆற்றைத் தரம்பிரிக்கும் வழக்கம் வேதியியல் குறியீடுகளைவிட மூத்தது. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் இருவரும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதைச் செய்தார்கள். வேதியியல் சோதனை குப்பியை நிரப்பிய அந்த நொடியைச் சொல்லும். பல மாதம் அங்கேயே கிடக்கும் பூச்சி, இரவில் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்ட கழிவையும் சேர்த்தே சொல்லும். குறியீடு ஏறுகிறது, பூச்சி வகைகள் கூடவில்லை என்றால் தப்பு குறியீட்டில்தான். அப்புறம் எடையையும் வளைவையும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, யாரும் அதிகம் பேசாத ஒன்று: விட்டுப்போன தரவு. மாதிரி கெட்டுப்போகும், ஆய்வகக் கருவி பழுதாகும், ஏதாவது ஓர் அளவு இல்லாமல் போகும். அப்போது மிச்சமுள்ள எடைகளை வைத்தே கணக்கு முடிப்பது வழக்கம். கோலிஃபார்மின் மதிப்பெண் 2, மற்ற எட்டுக்கும் 60 என்று வைப்போம். எல்லாவற்றையும் கூட்டினால் 51. அந்த மாதம் கோலிஃபார்ம் சோதனை நடக்கவில்லை என்றால் 60. ஒரு கழிவுக் குழாயும் அடைபடாமலே ஆறு 9 மதிப்பெண் தேறிவிடுகிறது, அடுத்த மாதம் சோதனை நடந்ததும் பழைய இடத்துக்கே விழுகிறது. ஆகவே, முக்கியமான அளவீடு ஒன்று இல்லாத மாதத்துக்கு எண்ணே வெளியிடக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். அந்த இடத்தில் ‘அளக்கப்படவில்லை’ என்று அச்சிட்டால், ஏன் அளக்கவில்லை என்று யாராவது கேட்பார்கள்.